சாணம் உழவனுடையது; சான்று யாருடையது?



இன்று எரிபொருளைப் பற்றி எழுதுகிறேன். எண்ணெய்க் கிணற்றைப் பற்றியும் பெட்ரோல் விலையைப் பற்றியும் இந்த ஏட்டில் நிறையப் படித்துவிட்டீர்கள்; அவற்றை மீண்டும் கிளறப் போவதில்லை. எரிபொருளுக்குப் பின்னால் எழுதப்படும் ஒரு கணக்கைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் கணக்கு கர்ணத்தின் வீட்டுப் பரணில் இல்லை. தாலுகா அலுவலகத்து இரும்புப் பெட்டியில் இல்லை. கணிப்பொறியின் வயிற்றுக்குள், இணையம் என்னும் வலைக்குள் இருக்கிறது. அதில் பெயர் ஏறியவன் பணம் பெறுகிறான். பெயர் ஏறாதவன் பொருளைக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

இதற்கும் கம்பம் பள்ளத்தாக்கின் ராயப்பன்பட்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

மேகமலையின் அடிவாரத்தில், சண்முகா நதி நீர்த்தேக்கத்தை ஒட்டிய அந்த ஊரைப் பார்த்தவர்களுக்குப் பன்னீர்த் திராட்சைப் பந்தல்கள் நினைவிருக்கும். 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கொடி, கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் காய்க்கிறது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கம்பம் என்ற பெயர் அரசாங்கப் பதிவேட்டில் ஏறியது. அதே பெயரை வேறெங்கோ விளைந்த பழத்துக்குச் சூட்டி விற்க இனி எவனுக்கும் உரிமையில்லை. பதிவேட்டில் பெயர் ஏறுவதால் என்ன பயன் என்பதை அந்தப் பந்தலின் கீழ் நிற்பவனுக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை.

திராட்சையோடு முடிந்துவிடவில்லை அந்தப் பள்ளத்தாக்கு. முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நெல்வயல் அங்கே இருக்கிறது. அறுவடைக்குப் பின் வைக்கோல் இருக்கிறது. சின்னமனூர் வரையில் வாழை இருக்கிறது. தார் வெட்டியபின் சாய்த்துப் போட்ட வாழைத்தண்டு இருக்கிறது. தொழுவிலே மாடு இருக்கிறது. மலைமாடுகளை வயலில் கிடை போட்டு எருவாக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இவற்றையெல்லாம் நேற்றுவரை உலகம் குப்பை என்றது. இன்று அதே உலகம் வேறு பெயர் சொல்லி அழைக்கிறது: குறைந்த கார்பன் எரிபொருளின் மூலப்பொருள்! பெயர் மாறினால் விலை மாறும். விலை மாறும்போது, எவன் கையில் எடைக்கல் இருக்கிறது என்று பார்ப்பவன்தான் அரசியல்காரன்.

இந்த வணிகத்தின் தாயகம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். 2009-இல் அங்கே ஒரு விதி வகுத்தார்கள். 2011-இல் நடைமுறைக்கு வந்தது. பெட்ரோலும் டீசலும் விற்பவன், அந்த எரிபொருள் கிணற்றிலிருந்து கிளம்பிச் சக்கரத்தைச் சுழற்றும் வரை எவ்வளவு கரியைக் காற்றில் கலக்கிறது என்று கணக்குக் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் இறங்கிவரும் ஓர் அளவுகோலை அரசு வைக்கிறது. அதற்கு மேலே போனால் பற்று. கீழே வந்தால் வரவு. ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு வரவு. பற்று வைத்திருப்பவன் வரவு வைத்திருப்பவனிடம் விலைக்கு வாங்கித் தன் கணக்கை நேர்செய்ய வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அந்த மாநிலக் காற்றுவள வாரியம் நடத்தும் இணையக் கணக்கேட்டில் ஒவ்வொருவரும் தாம் விற்ற எரிபொருளைப் பதிய வேண்டும். வரவு அங்கேயே, வங்கிக் கணக்கில் காசு இருப்பதுபோல இருக்கும், அங்கேயே கைமாறும். 2025-இல் விதியை மேலும் இறுக்கி, 2030-க்குள் கரியின் அளவில் 30 விழுக்காடும் 2045-க்குள் 90 விழுக்காடும் குறைய வேண்டும் என்று திருத்தினார்கள்.

நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். காற்றைக் கெடுப்பவன் காசு கொடுக்கட்டும், கெடுக்காதவன் பெறட்டும் என்னும் நீதியில் பிழை காண முடியாது. ஆனால் நீதி ஏட்டில் இறங்கும்போது என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கே பால்பண்ணை என்றால் நாலு மாடும் ஒரு கன்றுக்குட்டியும் அல்ல. ஆயிரக்கணக்கான மாடுகள் கட்டப்பட்ட தொழிற்சாலை அது. சாணத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, குளம்போன்ற பெருங்குழிகளில் தேக்குகிறார்கள். காற்றுப் புகாத அந்தச் சேற்றிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. அந்தக் குழிக்கு மூடி போட்டு, வாயுவைப் பிடித்து வண்டிக்கு எரிபொருளாக்கினால், ‘காற்றில் போயிருக்க வேண்டிய மீத்தேனைத் தடுத்தாய்’ என்று கணக்கேடு பாராட்டி, அந்த எரிபொருளின் கரி அளவைச் சுழியத்துக்கும் கீழே எழுதுகிறது. ஒரு வரவு 200 டாலருக்கு விற்ற 2020-ஆம் ஆண்டில், எரிவாயுவைவிட ஏட்டு வரவே பெரும்பணம் தந்தது. பால் துணைத்தொழில், சாணம் முதல் தொழில் என்று அங்கேயே கேலி பேசும் நிலை வந்தது.

இப்போது கூர்ந்து கவனியுங்கள். புல்வெளியில் மேயவிட்டு, சாணத்தை நிலத்திலேயே உலரவிடும் சிறு பண்ணைக்காரன் என்ன பெற்றான்? அவனிடம் குழி இல்லை. குழி இல்லாததால் மீத்தேன் இல்லை. மீத்தேன் இல்லாததால் தடுத்ததாகக் காட்ட ஒன்றுமில்லை. ஆகவே வரவும் இல்லை! ஊரைக் கெடுத்து நிறுத்தியவனுக்கு வெகுமதி, ஒருநாளும் கெடுக்காதவனுக்கு வெறுங்கை. திருடாமல் வாழ்ந்தவனுக்கு ஒன்றும் கொடுக்காமல், திருட்டை விட்டவனுக்கு மட்டும் பரிசு கொடுக்கும் ஊர்ப் பஞ்சாயத்தைப் பார்த்திருக்கிறீர்களா? இதுதான் அது. அங்குள்ள சிறு விவசாயிகளும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் இதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகக் குரல் எழுப்பி வருகிறார்கள்.

நம் பள்ளத்தாக்கில் கிடை போடுகிறவன் அந்தச் சிறு பண்ணைக்காரனின் உடன்பிறந்தவன். அவன் மாடு வயலில் சாணம் போடுகிறது; வெயிலில் உலர்கிறது; மண்ணோடு கலக்கிறது. தலைமுறை தலைமுறையாக அவன் செய்துவரும் இந்த நல்ல காரியத்துக்கு அந்தக் கணக்கு முறையில் மதிப்பெண் சுழியம். கணக்கு என்பது எண்களின் விளையாட்டுத்தானே, அதில் சாதி ஏது, வர்க்கம் ஏது என்று நினைப்பவர்கள், எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதைப் பார்க்கட்டும். தொடக்கக் கோட்டைப் போடுகிறவன்தான் முடிவையும் போடுகிறான்.

சரி, கலிபோர்னியா கடலுக்கு அப்பால் இருக்கிறது. டில்லி என்ன செய்திருக்கிறது?

2018 அக்டோபர் 1 அன்று ஒன்றிய அரசு ‘சதத்’ என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சாணம், வைக்கோல், சர்க்கரை ஆலைக் கழிவு, நகரக் குப்பை ஆகியவற்றிலிருந்து எரிவாயு எடுத்து, தூய்மைப்படுத்தி, அழுத்தி, வண்டிக்கு ஊற்றும் ஆலைகள் 5,000 எழும்பும் என்றார்கள். 2023-24-க்குள் ஆண்டுக்கு 150 இலட்சம் டன் என்றார்கள். எண்ணெய் நிறுவனங்கள் கிலோ 46 ரூபாய்க்கு வாங்கும் என்றார்கள். கெடு வந்தது, ஆலைகள் வரவில்லை. இலக்கில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட எழும்பவில்லை. உடனே அடுத்த ஆயுதத்தை எடுத்தார்கள்: கட்டாயம். நகர எரிவாயு விற்கும் நிறுவனங்கள் 2025-26-இல் ஒரு விழுக்காடு, அடுத்த ஆண்டு மூன்று, அதற்கடுத்து நான்கு, 2028-29 முதல் ஐந்து விழுக்காடு இந்த உயிர்வாயுவைக் கலந்தே தீரவேண்டும் என்று 2023 நவம்பரில் அறிவித்தார்கள். கட்டாயம் வந்தால் தேவை வரும். தேவை வந்தால் தரகன் வருவான். சாணம் தேடி வண்டி வரும் நாள் தொலைவில் இல்லை.

ஏடும் வந்துவிட்டது. 2023 ஜூன் மாதம் ‘கோபர்தன்’ என்னும் இணையப் பதிவுத் தளத்தைத் திறந்தார்கள். எரிவாயு ஆலை நடத்துகிறவன் அதில் பதிந்து எண் பெற்றால்தான் அரசின் உதவித்தொகைக்குக் கை நீட்ட முடியும். அதே மாதம் 28-ஆம் நாள், கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம் அரசிதழில் வெளிவந்தது. அதற்கு வேராக 2022-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி வைத்திருந்தார்கள். ஒரு சான்றிதழ் ஒரு டன். திட்டத்தை நடத்துவது எரிசக்தித் திறன் செயலகம். கணக்கேட்டை வைத்திருப்பது மின்கட்டமைப்பை இயக்கும் ஒன்றிய நிறுவனம். வணிகத்தை மேற்பார்ப்பது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மூன்றும் டில்லி. அரசிதழ் அறிவிக்கையின் மொழி இரண்டு: இந்தி, ஆங்கிலம். தமிழ் எங்கே என்று தேடாதீர்கள். தேடிக் களைத்தவர்கள் நம்மில் போதுமான பேர் இருக்கிறார்கள். பெருந்தொழிற்சாலைகளைக் கட்டாயமாகச் சேர்த்த அந்தத் திட்டத்தில், 2023 டிசம்பரில் திருத்தம் கொண்டுவந்து, கட்டாயம் இல்லாதவர்களும் பதிந்து வரவு பெறலாம் என்று கதவைத் திறந்தார்கள். கதவு திறந்திருக்கிறது என்பது உண்மை. வாசற்படி எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி.

ராயப்பன்பட்டிக்குப் பக்கத்தில் நாளை ஓர் ஆலை வருவதாக வைத்துக்கொள்வோம். உழவன் சாணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறான். எடை போடுகிறார்கள், கிலோவுக்கு இத்தனை பைசா என்று கையில் கொடுக்கிறார்கள். வாழைத்தண்டைப் ‘புறம்போக்கில் கிடந்ததை அள்ளிக்கொண்டு போகிறோம், உனக்குச் சுத்தம் செய்து தந்தோம்’ என்று இலவசமாகவே தூக்கிப்போனாலும் வியப்பில்லை. ஆலைக்காரன் வாயுவை விற்கிறான்: ஒரு வருமானம். மிஞ்சிய எருவைப் பையில் அடைத்து விற்கிறான்: இரண்டாவது வருமானம்; அதற்கு டன்னுக்கு 1,500 ரூபாய் ஒன்றிய அரசு உதவித்தொகை வேறு. அந்த எருவை வாங்குகிறவன் யார்? சாணம் கொடுத்த அதே உழவன்! இவற்றுக்கு மேலே, இணையத்தில் திட்டத்தைப் பதிந்தவன் என்ற முறையில் கார்பன் வரவும் ஆலைக்காரனுக்கே: மூன்றாவது வருமானம். முதல் இரண்டுக்காவது அவன் இயந்திரம் வைத்தான், ஆள் வைத்தான். மூன்றாவது எதற்கு? சாணம் சாணமாக இருந்ததற்கு. தண்டு தண்டாக இருந்ததற்கு. அவற்றைத் தந்த மாடும் வாழையும் உழவனிடம் இருந்ததற்கு.

உழவன் பெயர் ஏட்டில் எங்கே இருக்கிறது? ‘மூலப்பொருள்: சாணம், இத்தனை டன்’ என்ற இடத்தில் இருக்கிறது. அதாவது, பெயராக இல்லை, எடையாக இருக்கிறது.

தோழர்களே, பதிவேடு என்ற சொல்லுக்கு இந்த வட்டாரத்தில் ஒரு பழைய வடு உண்டு. வெள்ளைக்காரன் ஆண்டபோது, பிறப்பைக் காரணங்காட்டி ஒரு சமூகத்தையே குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தி, ஆண்களின் கைரேகையை ஏட்டில் பதிய வைத்தான். அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூரில் துப்பாக்கி முழங்கியது, உயிர்கள் விழுந்தன. 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அங்கே பெயர் ஏட்டில் ஏறியதால் கொடுமை. பிறகு கர்ணத்தின் காலம். பட்டா யார் பெயரில், அடங்கலில் யார் பயிர் என்று எழுதும் எழுதுகோல் பரம்பரை பரம்பரையாகச் சில வீடுகளிலேயே தங்கியது. குத்தகைக்கு உழுதவன் பெயர் அதில் ஏறுவது குதிரைக் கொம்பு. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அதிகாரி முறை ஒழிக்கப்பட்டது. அங்கே பெயர் ஏறாததால் கொடுமை. ஆக, பதிவேட்டைக் கண்டு அஞ்சியவனும் நாம்தான். பதிவேட்டில் இடம் கேட்டுப் போராடியவனும் நாம்தான். இரண்டு அனுபவமும் ஒன்றையே சொல்கிறது: ஏட்டைவிட, ஏடு எழுதும் கை யாருடையது என்பது பெரிது.

‘இது இணையம் அய்யா! இதில் கர்ணமும் இல்லை, கையூட்டும் இல்லை. எல்லாம் வெட்டவெளிச்சம்’ என்று சொல்லும் படித்த நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு இரண்டு கதை.

அமெரிக்காவில் தாவர எண்ணெய் டீசல் தயாரிப்பவர்களுக்கு ஒவ்வொரு காலனுக்கும் 38 இலக்கம் கொண்ட எண் ஒன்று உண்டு. அந்த எண்ணை எண்ணெய் நிறுவனங்கள் விலைகொடுத்து வாங்குகின்றன. மேரிலாந்து மாநிலத்தில் ஒருவர், ‘சுத்தமான பசுமை எரிபொருள்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு நிறுவனம் வைத்து, ஒரு சொட்டு டீசலும் காய்ச்சாமல், எண்களை மட்டும் கணிப்பொறியில் காய்ச்சி, 90 இலட்சம் டாலருக்கு மேல் விற்றார். 38 இலக்கமும் சரியாக இருந்தன. எண்ணெய் மட்டும்தான் இல்லை! பிடிபட்டது எப்படி? கணிப்பொறி காட்டிக் கொடுக்கவில்லை. அவர் வீட்டு வாசலில் ஆடம்பரக் கார்கள் வரிசை கட்டி நிற்பதைக் கண்ட அக்கம்பக்கத்தார் புகார் சொன்னார்கள். நூல் பிடித்துப் போனார்கள். 2012-இல் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று, அடுத்த ஆண்டு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஐரோப்பாவிலோ 2011 ஜனவரியில் செக் நாட்டுப் பதிவகத்தில் வெடிகுண்டு என்று புரளி கிளப்பி, ஊழியர்கள் வெளியே ஓடிய நேரத்தில் ஏறத்தாழ நான்கே முக்கால் இலட்சம் கார்பன் உரிமங்களை இணைய வழியே களவாடினார்கள். ஐரோப்பா முழுவதும் உடனடி வணிகத்தை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே, கார்பன் வணிகத்தில் வரி ஏய்ப்புச் செய்து 500 கோடி யூரோ வரையில் சுருட்டினார்கள் என்று ஐரோப்பியக் காவல் அமைப்பு 2009-இல் கணக்குச் சொன்னது.

இணையம் பொய் சொல்லாது. பொய்யைப் பத்திரமாக வைத்திருக்கும். மெய்யா என்று பார்க்க அக்கம்பக்கத்தார் கண் வேண்டும். அந்தக் கண்ணை இந்தத் திட்டங்களில் எங்கே வைத்திருக்கிறார்கள்? அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பு நிறுவனம் வரும், பார்க்கும், சான்று தரும் என்கிறார்கள். வரட்டும். அந்த நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பவன் யார் என்று கேட்டால், சான்று கேட்கும் ஆலைக்காரனே! மாப்பிள்ளை வீட்டார் காசில் ஜாதகம் பார்க்கும் சோதிடர் பொருத்தம் இல்லை என்றா சொல்வார்?

அதற்காக, இந்தக் கார்பன் வரவே சூழ்ச்சி, ஒட்டுமொத்தமாகத் தூக்கி எறிவோம் என்று முழங்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. முழக்கத்துக்கு அது சுகமாக இருக்கும். தொழுவத்துக்கு அதனால் ஒன்றும் வராது. அண்டை மாநிலத்தைப் பாருங்கள். கருநாடகத்துப் பாகேபள்ளி வட்டாரம் நம் உசிலம்பட்டி போலவே வானம் பார்த்த பூமி. அங்கே கூலிச் சங்கமாகத் திரண்ட ஏழை மக்கள், 5,500 வீடுகளில் சிறு சாண எரிவாயுக் கலன்கள் அமைத்து, அதை ஐக்கிய நாடுகள் அவையின் தூய வளர்ச்சித் திட்டத்தில் 2005 டிசம்பரில் பதிந்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு கன மீட்டர் கலன். நாளுக்கு ஐம்பது கிலோ சாணம் போதும். காலையில் கரைத்து ஊற்றினால் விறகும் மண்ணெண்ணெயும் இல்லாமல் அடுப்பு எரியும். தனித்தனி வீடாகப் போயிருந்தால் எந்தப் பதிவகமும் அவர்களைத் திரும்பிப் பார்த்திருக்காது. 5,500 வீடும் ஒரே பெயரில் போயின. உலகக் கணக்கேட்டில் டாடா, அம்பானி பெயர்களுக்கு நடுவே ஒரு கூலிச் சங்கம்! எவரேனும் செய்து காட்டிய பிறகு ‘முடியாது’ என்ற சொல்லுக்கு இடமில்லை.

முழுக்கதையையும் சொல்லிவிட வேண்டும். 2008-இல் 20 யூரோவுக்கு மேல் விற்ற அந்தச் சான்றின் விலை, ஐரோப்பா வாங்குவதைக் குறைத்தபின், 2012 முடியும்போது ஒரு யூரோவுக்கும் கீழே சரிந்தது. கலிபோர்னியாவிலும் 200 டாலர் வரவு 2024-இல் 50 டாலரைச் சுற்றி வந்து நின்றது. ஆகவே கார்பன் வரவை நம்பிக் கடன் வாங்கு என்று எந்த உழவனுக்கும் நான் சொல்லமாட்டேன். தக்காளி விலையைவிட மோசமாக ஆடும் விலை இது. ஆனால் ஆடும் விலையாயிற்றே என்று தக்காளிக்காரன் தன் தக்காளியைத் தரகனுக்குத் தானமாக எழுதிக் கொடுப்பதில்லை.

இனி மாநிலத்தின் உரிமைக்கு வருகிறேன். இதை நம் தோழர்கள் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டும்.

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையை எடுத்து வையுங்கள். வேளாண்மை மாநிலப் பட்டியலில், 14-ஆம் இனம். கால்நடை, 15. நிலம், 18. அடுத்து 25-ஆம் இனத்தைப் பாருங்கள்: வாயுவும் வாயு ஆலைகளும்! ஆம், மாநிலப் பட்டியலில்தான். குஜராத் மாநிலம் 2001-இல் இந்த இனத்தை நம்பி எரிவாயுவுக்கு ஒரு சட்டம் இயற்றியது. 2004-இல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பூமிக்கடியில் கிடைக்கும் இயற்கை எரிவாயு பெட்ரோலியத்தைச் சேர்ந்தது, ஆகவே ஒன்றியப் பட்டியலின் 53-ஆம் இனம், மாநிலத்துக்கு அதில் அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், 25-ஆம் இனம் பேசுவது தொழிற்சாலையில் உண்டாக்கப்படும் வாயுவைப் பற்றி என்றும் விளக்கம் தந்தது. இப்போது நான் கேட்கிறேன்: உத்தமபாளையத்து மாட்டின் சாணத்தைத் தொட்டியில் கரைத்து எடுக்கும் வாயு, பூமியைத் தோண்டி எடுத்த பெட்ரோலியமா? ஆலையில் உண்டாக்கிய வாயுவா? மாட்டின் வயிற்றை மும்பை எண்ணெய் வயல் என்று எந்த நீதிபதி சொல்வார்?

இந்த வாதம் நீதிமன்றத்தில் வெல்லுமா என்பதை வழக்கறிஞர்கள் ஆராயட்டும். எரிசக்திச் சேமிப்புச் சட்டம் ஒன்றியச் சட்டம், வரவுச் சான்றிதழ் அதன் கீழ் வருவது என்று டில்லி மறுப்புரைக்கும், தெரிந்ததுதான். ஆனால் சான்றிதழ் டில்லியுடையதாக இருந்தாலும், சாணம் வாங்கும் ஒப்பந்தத்தை ஒழுங்குபடுத்த மாநிலத்துக்கு என்ன தடை? கரும்புக்கும் பாலுக்கும் கொள்முதல் விதி இருக்கும்போது சாணத்துக்கும் தண்டுக்கும் ஏன் இருக்கக் கூடாது? 1974 ஏப்ரலில் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றிய பேரவை நம்முடையது. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மாநில உரிமைகளை ஆராய உயர்நிலைக் குழு அமைத்த மாநிலமும் நம்முடையது. சுயாட்சி என்றால் கொடியும் ஆளுநர் மாளிகையும் மட்டுமா? தொழுவத்துக் கணக்கும் அதில் சேர்ந்ததுதான்.

நான் கேட்பது மலையைப் பெயர்க்கும் காரியமல்ல. ஊர்தோறும் பால் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. யார் வீட்டில் எத்தனை மாடு, எத்தனை லிட்டர் என்று காலையிலும் மாலையிலும் எழுதிவரும் ஏடு அங்கே ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சங்கத்தின் பெயரில் திட்டத்தைப் பதிய மாநில அரசு வழிசெய்யட்டும். பதிவுக் கட்டணத்தையும் சரிபார்ப்புச் செலவையும் முதல் சில ஆண்டுகளுக்கு அரசே ஏற்கட்டும். கணக்கீட்டு முறையையும் படிவத்தையும் தமிழில் தரட்டும். தான் கையெழுத்திடும் தாளைத் தானே படிக்க முடியாதவனை உரிமையாளன் என்று அழைப்பது ஏளனம். தனியார் ஆலை வந்தால், கார்பன் வரவில் மூலப்பொருள் தந்தவனுக்கு இன்ன பங்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதாமல் ஊராட்சி அனுமதி தரக் கூடாது. கிடை போடுகிறவனின் நல்ல வழக்கத்துக்கு மதிப்பளிக்கும் கணக்கீட்டு முறையை நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்துத் தர வேண்டும். இதைச் செய்யாமல் மற்றதையெல்லாம் செய்தால், குழி வெட்டிய பெரும்பண்ணைக்கே எல்லாம் போய்ச் சேரும்.

கண்காணிப்பு? அதற்கும் புதிதாக ஒன்றைப் படைக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. ஆலை இந்த மூன்று மாதத்தில் எத்தனை டன் சாணம் வாங்கியதாக இணையத்தில் எழுதியிருக்கிறது என்பதை அங்கே உரக்கப் படிக்கட்டும். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவி ஒருத்திக்குத் தெரியும், இந்த ஊரில் மொத்தம் எத்தனை மாடு என்று. மேரிலாந்தில் கார்களை எண்ணிய அக்கம்பக்கத்தாரைவிட அவள் கணக்கு துல்லியமாகவே இருக்கும்.

கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன். சாணமோ வைக்கோலோ வாழைத்தண்டோ மொத்தமாக எடுத்துக்கொள்கிறோம் என்று உங்கள் பகுதிக்கு எவரேனும் ஒப்பந்தத் தாளோடு வந்தால், விலை எழுதிய பக்கத்தை அவர்களே விரித்துக் காட்டுவார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். பின்பக்கங்களைப் புரட்டுங்கள். ‘சுற்றுச்சூழல் சார்ந்த எல்லா உரிமைகளும் பயன்களும் வாங்குபவரையே சேரும்’ என்ற பொருளில் ஒரு வரி எங்கேனும் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், கையெழுத்துப் போடவேண்டாம் என்று உழவரிடம் சொல்லுங்கள். அந்தத் தாளின் நகலை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள்.